முன்னாடியே கேன்சல்

நல்ல நாளும் அதுவுமாக வாயைத் திறந்து 'கேன்சல்' என்று சொல்லுகிற ஒரு பெண்ணை, என் நாத்தனாரைத் தவிர வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகிப் பழவேற்காட்டு ஏரிக்கு நடுவில் தீவாகக் கிடக்கிற பசியாவரத்துக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் புறப்படுகிறார் என்று துறை வரைக்கும் கூடவே போனேன். அவருடைய அக்கா, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், எங்களுக்கு முன்பே வந்து இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவர் படகில் ஏறியதும் ஊருக்கே கேட்கிற மாதிரி, "இன்னிக்குக் கேன்சல்டா!" என்றாள்.

"சரிக்கா" என்று அவர் இன்ஜின் கயிற்றை இழுத்தார். படகு போய்விட்டது. அண்ணி சேலையை உதறிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். போனவர் போயிருக்கக் கூடாது என்று அர்த்தமா, திரும்பி வரமாட்டார் என்று அர்த்தமா? நான் பொன்னேரிக்காரி. எங்கள் வீட்டில் தண்ணீர் என்பது குழாயில் வருவது. இங்கே வாசலைத் தாண்டினால் ஏரி, ஏரியைத் தாண்டினால் முகத்துவாரம், அதையும் தாண்டினால் கடல். அன்றைக்குப் படகு கண்ணில் படுகிற வரை ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

வந்ததும் வராததுமாக அவரைக் கேட்டேன். "அண்ணி இன்னா அப்படிச் சொன்னாங்க?"

"எப்படி?"

"கேன்சல்னு."

"அதுவா? அக்கா அப்படித்தான் சொல்லும்" என்று சொல்லிவிட்டு வலையை உதறப் போய்விட்டார். அவருக்கு அது காக்கா கத்துவது மாதிரி.

எங்கள் பக்கத்தில் கேன்சல் என்ற சொல்லுக்குக் குறைச்சல் கிடையாது. இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாதவர்கள்கூடச் சொல்லுவார்கள். மழை வந்து பள்ளிக்கூடம் இல்லையென்றால் ஸ்கூல் கேன்சல். பொன்னேரிக்குப் போகிற பஸ் வரவில்லையென்றால் சந்தை கேன்சல். வியாபாரி மூக்கைச் சுளித்தால் அந்தக் கூடை நண்டு கேன்சல். பால் திரிந்தால் காப்பி கேன்சல். இரண்டு வீட்டாரும் பேசி முடித்த சம்பந்தம் முறிந்து போனால் அதுவும் கேன்சல்தான். காப்பிக்கும் கல்யாணத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

ஆனால் எல்லோரும் காரியம் கெட்டபிறகு சொல்லுவதை அண்ணி கெடுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். வித்தியாசம் அதுதான். என் அம்மா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னபோது, "உங்கம்மா வர்றது கேன்சல்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே வீட்டை மெழுகினாள். சொல்லிக்கொண்டே பெரிய பெரிய இறாலாகப் பொறுக்கி எடுத்து உரித்து வைத்தாள். அம்மா படகிலிருந்து இறங்கியபோதும் அதே பாட்டுத்தான். அம்மாவின் முகம் தொங்கிப்போய்விட்டது. "வேணாம்னா சொல்லியிருக்கலாமேடி, நான் வந்தே இருக்கமாட்டேனே" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். சாப்பாட்டைப் பார்த்தபிறகுதான் சமாதானம் ஆனாள்.

வாய் அப்படி. கை அதுபாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது.

அண்ணிக்குக் குழந்தை குட்டி கிடையாது, கல்யாணமும் ஆகியிருக்கவில்லை. குட்டையான உருவம், தோள் மட்டும் ஆம்பிளைத் தோள். வெயிலிலும் உப்பிலும் தலைமுடி செம்பட்டையாகிப் போயிருக்கும். தன் சோற்றைத் தானே சம்பாதித்துக்கொண்டாள். ஏரியில் கையால் இறால் பிடிக்கிற வேலை. கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த பறி. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ளுவார்கள். அண்ணியின் முன்பற்கள் அதனாலேயே தேய்ந்து, கொஞ்சம் முன்னால் வந்திருந்தன.

அந்த நேரத்தில் மட்டும் அவள் கேன்சல் சொல்லமாட்டாள். எப்படிச் சொல்லுவாள், வாயில்தான் பறி இருக்கிறதே! கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தரையில் நிற்கும்போது அவள் கண் எந்நேரமும் யாரோ கெட்ட சேதி கொண்டு வருவதைப்போல வழியையே பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் இறங்கிவிட்டால் அந்தப் பார்வை இருக்காது. முகம் சாந்தமாகிவிடும். எங்கே ஆழம், எங்கே திட்டு, எங்கே கால் புதையும் என்றெல்லாம் யோசிப்பதாகவே தெரியாது. தன் வீட்டு அடுப்படியில் நடமாடுகிற மாதிரி நகர்ந்துகொண்டிருப்பாள்.

"உங்க வாயில எப்பவும் பறியைக் கட்டி வெச்சுட்டா ஊரு உருப்படும்" என்று ஒருதரம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, கேட்காமலே காரணம் சொன்னாள்.

"அதுவா கேன்சல் ஆனாத்தாண்டி வலிக்கும். நாமளே முன்னாடியே ஆக்கிட்டா அப்பால வலிக்கறதுக்கு இன்னா கீது? வந்தா லாபம்னு வெச்சுக்க."

"வரலன்னா?"

"அதான் முன்னாடியே கேன்சல் ஆயிடுச்சே!"

அவளுக்கு இது வெகு சுலபமான கணக்கு. எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவேயில்லை. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே என் வீட்டுக்காரர் திரும்பி வருகிற வரை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பேன். அப்படிப்பட்டவளுக்கு, தினமும் துறையில் நின்று உன் புருஷன் போகிற காரியம் கேன்சல் என்று சொல்லுகிற நாத்தனார் வாய்த்தால் என்ன ஆவது?

நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் முதலில் அவளிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். நண்டுக் காலை ஒடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் என்னவோ ஓடியது. உடனே குனிந்துகொண்டு, "கேன்சல்னு வெச்சுக்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க வாயில வசம்பை வெச்சுத்தான் தேய்க்கணும்" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவளோடு முகம் கொடுத்தே பேசவில்லை. அவள் நண்டு ரசம் வைத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போவாள். குடிப்பேன், பேசமாட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. வயிற்றில் பிள்ளை கொஞ்சநேரம் அசையாமல் இருந்தால் போதும், அது காதில் ஒலிக்க ஆரம்பித்துவிடும். கையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு நடமாடிய மாதங்கள் அவை.

வலி கண்ட அன்று நல்ல மழை. படகில் தார்ப்பாயைப் போர்த்திப் பழவேற்காட்டுக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கோவிந்தா போடுகிற மாதிரி "கேன்சல், கேன்சல்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். வலியில் கடித்தேனா, ஆத்திரத்தில் கடித்தேனா என்று எனக்கே தெரியாது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "கடி, கடி, நல்லாக் கடி" என்றாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. வீட்டுக்குக் கிளம்புகிற அன்று அண்ணி மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தாள். அரக்குக் கலர் பட்டு, ஓரத்தில் ஜரிகை. கையால் தைத்தது. தையல் எறும்பு வரிசையைப்போல அவ்வளவு நெருக்கம். ஒரு நாளில், ஒரு வாரத்தில் தைக்கிற வேலை இல்லை அது.

"எப்போ தைச்சீங்க அண்ணி?"

"சும்மாதான் தைச்சேன். அதுக்கு இன்னா இப்போ?" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம் பிள்ளையைக் காட்டினோம். அவரை அண்ணியும் என் வீட்டுக்காரரும் நைனா என்று கூப்பிடுவார்கள். பேத்தியை வாங்கக் கையை நீட்டியவர் சட்டையைப் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பிறகுதான் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. பெண் வீட்டுப் படகு போய்த்தான் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர வேண்டும். அண்ணிக்குச் சின்ன வயதில் ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முகூர்த்தத்தன்று காலை, படகு மூக்கில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டு நைனாதான் போயிருக்கிறார். இங்கே அண்ணி அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படகு வருவது தெரிந்ததும் எல்லோரும் துறைக்கு ஓடினார்கள். படகில் நைனா மட்டும் இருந்தார்.

"இன்னா நைனா?" என்று பின்னாலேயே ஓடிய அண்ணி கேட்டிருக்கிறாள்.

"கேன்சலாம்" என்றார் அவர். அங்கே யாரோ பேண்ட் போட்ட பையன் வாசலிலேயே நிறுத்தி அவரிடம் சொல்லி அனுப்பிய சொல் அது. அவர் அதை அப்படியே சுமந்துகொண்டு வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அந்தச் சொல் இவ்வளவு பரவியிருக்கவில்லை; பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அண்ணி அதற்கு முன் அதைக் கேட்டதேயில்லை.

"அப்படின்னா எப்போ வருவாங்கோ நைனா?" என்று கேட்டாளாம்.

நைனா படகு மூக்கில் கட்டியிருந்த மாவிலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாராம். ஏன் வரவில்லை என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பட்டுச்சேலையில்தான் என் பிள்ளைக்குச் சட்டை.

அதைக் கேட்டபிறகு அண்ணிமேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதேன். ஆனால் அந்தச் சொல்மேல் இருந்த பயம் மட்டும் போகவில்லை. தினமும் காலையில் அவள் அதைச் சொல்லத்தான் செய்தாள், தினமும் படகு கண்ணுக்கு மறைகிற வரை நான் துறையிலேயே நிற்கத்தான் செய்தேன்.

பழவேற்காட்டு மீன் மார்க்கெட்டில் ஐஸ் விற்கிறவர் ஒருவர் இருந்தார். மனைவி தவறிப்போனவர், பிள்ளை இல்லை. மீசையில் நரை. ஐஸ் பாளத்தை மரக்கட்டையால் உடைத்து உடைத்துப் பெட்டியில் நிரப்புவார். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாத மனிதர். "தண்ணின்னா எனக்குக் கட்டியா இருந்தாத்தான் பழக்கம். ஓடுற தண்ணில எறங்கினா நான் அவுட்டு" என்று தன்னையே கேலி செய்துகொள்ளுவார். அண்ணி இறாலைக் கொண்டுபோனால் அவரிடம்தான் ஐஸ் வாங்க வேண்டும். நானும் சில நாள் கூடப் போவேன், அதனால் எனக்குத் தெரியும்.

"நாளைக்கு ஐஸு வோணுமா?" என்பார்.

"நாளைக்குக் கேன்சல்" என்பாள் அண்ணி.

மறுநாள் போனால் அவளுக்கென்று ஒரு கட்டியை மரத்தூளில் மூடி வைத்திருப்பார். என்றைக்காவது நிஜமாகவே போகவில்லையென்றால், அடுத்த நாள் ஈர மரத்தூளைக் காட்டுவார். "பார்த்தியா, நேத்து நெசமாவே கேன்சல். உருகி ஓடிப்போச்சு." அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்படாமலும் கோபித்துக்கொள்ளாமலும் சிரித்த முதல் ஆள் அவர்தான். தன் பழைய கல்யாணத்தை, வெறும் படகு வந்ததை, அண்ணி தன் வாயாலேயே அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. என்னிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

ஒருநாள் அவர் பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். படகின் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ரத்தமே இல்லாமல் வந்து இறங்கினார். நைனாவிடம் பேசினார். உள்ளேயிருந்து அண்ணி என் தோளைக் கிள்ளி, "கேன்சல்னு போய்ச் சொல்லு" என்றாள். நான் போய் அப்படியே சொன்னேன்.

"அதான் தெரியுமே" என்றார் ஐஸ்காரர். "அப்பாலிக்கா நாள் எப்போ வெச்சுக்கலாம்?"

வைகாசியில் நாள் குறித்தார்கள். அண்ணிக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஊரில் கிசுகிசுத்தவர்களும் உண்டு. கல்யாணம் உறுதியானதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. சேலை எடுக்கக் கூப்பிட்டால் கேன்சல். பந்தல்காரர் வந்தால் கேன்சல். சமையலுக்குச் சொன்னால் கேன்சல். ஆனால் சாமான் வைத்த அறையில் போய்ப் பார்த்தால் மிளகாயும் மல்லியும் காயவைத்து, அரைத்து, டப்பாவில் அடைத்துத் தயாராக இருந்தது. அவள் எடுத்த பட்டு இந்தமுறை பச்சை.

நைனா மட்டும் அழைக்கப் போக முடியாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். "நான் போனாக்கா வெறும் படகுதான் வரும். தம்பி போவட்டும்." யார் சொல்லியும் கேட்கவில்லை. அப்பாவும் மகளும் இப்படி ஆளுக்கொரு பயத்தை வைத்துக்கொண்டிருக்க, நடுவில் என் நிலைமை என்ன என்று யாராவது யோசித்தார்களா?

கல்யாணத்தன்று விடிந்ததும் ஏரியைப் பார்த்தேன். பகீர் என்றது. கோடையில் முகத்துவாரம் மண்ணடித்துப்போனால் ஏரி வற்றும், அது தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு மேல்காற்று வேறு சேர்ந்து தண்ணீரை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டிருந்தது. நேற்றுவரை தண்ணீர் இருந்த இடத்தில் சேறு மினுமினுத்தது. அப்போதெல்லாம் பாலம் எதுவும் கிடையாது, படகுதான். அந்தப் படகுக்குத் தண்ணீர் வேண்டும்.

என் வீட்டுக்காரர் மாவிலை கட்டிய படகில் ஏறினார். வழக்கப்படி துறையைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணப் பெண் வெளியே வரக்கூடாது என்பதால் அண்ணி உள்ளே இருந்தாள். கேன்சல் என்று சொல்ல ஆள் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கையை மட்டும் ஆட்டினேன். அவர் இன்ஜினை இழுத்தார். யாரும் கேன்சல் சொல்லாமல் அவர் படகு எடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெயில் ஏறியது. மேளக்காரர்கள் இரண்டுதரம் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பந்தலில் இருந்த பெண்கள் ஒருவர் காதை ஒருவர் கடிக்க ஆரம்பித்தார்கள். அண்ணி கழுத்தில் மாலையோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி முழுக்க வேர்வை.

"வந்துட்டாங்களா சுமதி?"

"வந்துகினே கீறாங்க அண்ணி."

வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். உதடு வறண்டிருந்தது. அவள் அந்தச் சொல்லைச் சொன்னால் தேவலை என்று வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தோன்றியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னேன். "அதைச் சொல்லிடுங்க அண்ணி. எப்பவும் சொல்றதுதானே."

"வரமாட்டேங்குதுடி" என்றாள். "இது எனக்கு வோணும்னு கீது."

கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸைத் தொட்டதுபோலச் சில்லிட்டிருந்தது. நான் கடித்த தழும்பு அந்த மணிக்கட்டில்தான் இருந்தது.

அப்போது வெளியே யாரோ, "படகு வருது!" என்று கத்தினார்கள். எல்லோரும் துறைக்கு ஓடினார்கள். பெண் வெளியே வரக்கூடாது என்பதை அண்ணியும் மறந்தாள், நானும் மறந்தேன்.

படகு தெரிந்தது. இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் நின்றபடி கழி ஊன்றிக்கொண்டு வந்தார். மூக்கில் மாவிலை ஆடியது. படகில் வேறு யாரும் இல்லை.

நைனா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மேளக்காரர் ஒருவர் மட்டும் விஷயம் புரியாமல் வாசிக்க ஆரம்பித்து, பக்கத்து ஆள் கையைப் பிடித்ததும் நிறுத்தினார். எல்லோரும் அண்ணியின் முகத்தைப் பார்த்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து என்னவோ கூவினார், காற்று அதை எங்களிடம் வரவிடவில்லை. நான் எதிர்பார்த்த சொல் அண்ணியின் வாயிலிருந்து வரவில்லை. அவள் படகையே பார்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல், சின்னப் பிள்ளை குரலில் கேட்டாள்.

"எப்போ வருவாங்கோ?"

 

படகு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்ததும்தான் குரல் பிடிபட்டது. "தரை தட்டிடுச்சு! எல்லாரையும் திட்டுல எறக்கி வுட்டுட்டேன்! சின்னப் படகை எடுக்க வர்றேன்!"

ஆட்களின் கனத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டிருக்கிறது. நடு ஏரி மணல்திட்டில் அவர்களை நிற்க வைத்துவிட்டு, பாரமில்லாத படகைத் தள்ளிக்கொண்டு இவர் வந்திருக்கிறார். நல்ல வேலைதான். கையில் கழி இருக்கும்போது போனை எப்படி எடுப்பார்? பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள், படகுக்கு வெகுதூரம் பின்னால், தண்ணீரில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

முதலில் கொக்கு என்றுதான் நினைத்தேன். ஐஸ்காரர். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டியபடி, தன்னந்தனியாகத் தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தார். காரணம் பிறகு தெரிந்தது. திட்டில் நின்றுகொண்டு படகு போவதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. "வெறும் படகை அவ பாக்கக்கூடாதுய்யா" என்று சொல்லிவிட்டு, அக்கா தங்கை எல்லாம் பிடித்து இழுக்க இழுக்க, இறங்கிவிட்டாராம்.

அவர் நேராக எங்களைப் பார்த்து வந்தார். நேராக வந்தால் நடுவில் ஓர் ஓடை குறுக்கிடும். ஏரி எவ்வளவு வற்றினாலும் அங்கே ஆள் ஆழம், அடியில் கால் புதைகிற சேறு. தண்ணீர் அவருக்கு முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்தது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "யோவ்! நில்லுய்யா! அங்கயே நில்லு!" என்று அலறினார். அவர் கழி ஊன்றிப் படகைத் திருப்புவதற்குள் படகு மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டது. ஐஸ்காரர், தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, இன்னும் வேகமாகக் கையை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணி!" என்று திரும்பினேன். பக்கத்தில் அவள் இல்லை.

பச்சைப் பட்டோடு அண்ணி ஏரியில் இறங்கியிருந்தாள். நேராகப் போகவில்லை. இடதுபக்கமாக ஒதுங்கி, அங்கே எங்கேயோ மண் இறுகிக் கிடக்கிற இடம் தெரிந்தவளாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் போனாள். தண்ணீர் மார்புக்கு ஏறியபோது கழுத்து மாலையைக் கழற்றினாள். கை இரண்டும் வேண்டியிருந்தது. பறியைக் கடிக்கிற பழக்கத்தில், மாலையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

ஐஸ்காரர் கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டார். கால் புதைந்துவிட்டது போலிருக்கிறது, தலை ஒருதரம் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அண்ணி ஓடையைத் தாண்டி அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மெல்ல மெல்லப் பின்னால் இழுத்துத் திட்டுப் பக்கமாக நிற்க வைத்தாள். தண்ணீர் அவர் இடுப்புக்கு இறங்கியது. சேற்றிலிருந்து எழுந்து வந்த நைனா என் பக்கத்தில் நின்றிருந்தார்.

தண்ணீரின்மேல் குரல் நன்றாக வரும். காற்றும் அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் அடங்கியிருந்தது. மூச்சு வாங்க ஐஸ்காரர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னாமே, கேன்சலா?"

வாயில் கடித்த மாலையோடு, அண்ணி இல்லை என்று தலையாட்டினாள்.